மணலில் பழுப்புச் சளி, நத்தைகள் சாகின்றன: இது என்ன பாசி?

தெகிவளைத்_தொட்டி:
வணக்கம். பவளம் வளர்க்கும் 250 லீற்றர் கடல்நீர்த் தொட்டி (ரீஃப்). காய்ந்த கல்லும் பையில் வரும் மணலும் போட்டுத் தொடங்கி ஒரு வருடம் தாண்டிவிட்டது. உள்ளே மென்பவளங்கள், கொஞ்சம் யூஃபிலியாப் பவளம், ஒரு சோடி கோமாளி மீன். கழிவை நுரையாக அள்ளும் ஸ்கிம்மர் ஓடுகிறது, பொஸ்பேட்டை உறிஞ்ச ஜிஎஃப்ஓ (இரும்பு ஒட்சைட்டு மணி) ரியாக்டரும் ஓடுகிறது. கொஞ்ச நாளாக மணலுக்கு மேல் பழுப்பு நிறத்தில் சளி மாதிரி ஒன்று பிடிக்கிறது. பகலில் நூல் நூலாக எழும்பி நிற்கும், நூல் நுனியில் ஒரு குமிழ் இருக்கும். விடிய எழும்பிப் பார்த்தால் பாதியைக் காணோம், மத்தியானத்துக்குள் திரும்பவும் அதே கோலம். டர்போ நத்தைகள் கண்ணாடியில் இருந்து விழுந்து மல்லாந்து கிடக்கின்றன, நிமிர்த்தி வைத்தாலும் ஏறுவதில்லை. நைட்ரேட் 0, பொஸ்பேட் 0. இவ்வளவு சுத்தமான தண்ணீரில் பாசி எங்கிருந்து வருகிறது? தண்ணீர் மாற்ற மாற்றக் கூடுகிறது என்பதுதான் எனக்கு விளங்காத விஷயம். கடையில் படத்தைக் காட்டினேன், டயட்டம்தான் என்று ஒரு போத்தல் மருந்து தந்தார்கள், ஊற்றியும் ஒரு மாற்றமும் இல்லை.

இது போதாதென்று பின்பக்கக் கல்லில் கரும்பச்சையாக ஒரு குஞ்சம், தண்ணீர் வழிந்து இறங்கும் ஓவர்ஃப்ளோ மூலையில் கருஞ்சிவப்பாக ஒரு படலம். மூன்றும் ஒன்றா, வேறு வேறா?

உப்புக்கை:
பாசி என்றால் சாப்பாடு கூடிவிட்டது என்று அர்த்தம், வேறொன்றும் இல்லை. தீனியைப் பாதியாகக் குறையுங்கள், மூன்று நாள் லைட்டை அணைத்துப் போடுங்கள், வாராவாரம் 20 சதவீதம் தண்ணீர் மாற்றுங்கள். என் தொட்டியில் கல்லே தெரியாத அளவுக்கு முடிப்பாசி இருந்தது, இதைத்தான் செய்தேன், போய்விட்டது.

வெள்ளவத்தை_வாத்தி:
தம்பி, உப்புக்கை சொன்னதில் ஒன்றையும் இப்போதைக்குச் செய்ய வேண்டாம். அவர் சொன்னது முடிப்பாசிக்குச் சரி. உங்களுடையது முடிப்பாசி இல்லை, டயட்டமும் இல்லை என்றுதான் தோன்றுகிறது. டயட்டம் புதுத் தொட்டியில் தூள் தூவியது போல மணலில் படியும், விரலால் தட்டினால் புகையாகக் கிளம்பும், சிலிக்கேற்று தீர்ந்ததும் தானாகப் போய்விடும், நத்தைகள் அதை விரும்பித் தின்னும். உங்கள் நத்தைகள் சாகின்றன. நூல், நுனியில் குமிழ், இரவில் குறைந்து பகலில் திரும்புவது, நைட்ரேட்டும் பொஸ்பேட்டும் 0, நத்தை மல்லாந்து கிடப்பது எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் டைனோ, அதாவது டைனோபிளாஜெலேற்று என்கிற ஒற்றைக்கல நுண்ணுயிர். அது என்றால் தண்ணீர் மாற்றுவதும் தீனியைக் குறைப்பதும் அதற்கு வழிவிட்டுக் கொடுக்கிற வேலை.

ஊகத்தில் மருந்து ஊற்றக் கூடாது, அதனால் முதலில் ஒரு சோதனை. சளியைக் கொஞ்சம் ஊசிக்குழாயால் உறிஞ்சித் தொட்டித் தண்ணீரோடு சின்னப் போத்தலில் விட்டு, நூல் எல்லாம் உடைந்து போகும்வரை நன்றாகக் குலுக்குங்கள். பிறகு கோப்பி வடிக்கும் தாளில் வடியுங்கள், ஆய்வுகூட வடிதாள் வைத்திருந்தால் அதுவும் சரிதான். வடிந்த தண்ணீரைத் தெளிந்த கண்ணாடிக் குவளையில் ஊற்றி, மூடாமல் லைட்டுக்குக் கீழே வையுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் திரும்பவும் நூலாகச் சேர்ந்தால் டைனோ. தனிக் கலங்கள் தாளின் துளைக்குள்ளால் வந்துவிடும், பிறகு தங்கள் பசையால் மீண்டும் ஒட்டிக்கொள்ளும். சயனோவின் (படலமாகப் படரும் சயனோபற்றீரியாவின்) இழைகள் பெரும்பாலும் தாளிலேயே தங்கிவிடும்.

கையுறை போட்டுக்கொள்ளுங்கள். வாயால் சைஃபன் இழுக்கிற பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள்.

உப்புக்கை:
வாத்தியார் சும்மா பயமுறுத்துகிறார். நைட்ரேட் 0 என்று ரெஸ்ட் காட்டுவது தண்ணீரில் இல்லாததால் இல்லை, பாசி எல்லாவற்றையும் தின்றுவிட்டதால். இது எல்லோருக்கும் தெரிந்த கதைதானே.

வெள்ளவத்தை_வாத்தி:
அந்தக் கதை முடிப்பாசிக்கு உண்மை. கல் முழுக்கப் பச்சையாக இருந்து ரெஸ்ட் 0 காட்டினால், வருவதை எல்லாம் பாசி உடனுக்குடன் இழுத்துக்கொள்கிறது என்று எடுக்கலாம். இங்கே நிலைமை வேறு. ஜிஎஃப்ஓ, ஸ்கிம்மர், அடிக்கடி தண்ணீர் மாற்றம் என்று மூன்றும் சேர்ந்து தொட்டியைப் பட்டினி போட்டிருக்கின்றன. பட்டினி கிடந்தால் பச்சைப்பாசியும் பற்றீரியாவும் டயட்டமும்தான் முதலில் சாகும். டைனோ சாகாது. அதற்கு ஒளிச்சேர்க்கையும் உண்டு, பற்றீரியாவைப் பிடித்துத் தின்னவும் தெரியும். எதிராளி இல்லாத இடத்தில் அது ராஜாங்கம் நடத்துகிறது. காய்ந்த கல்லில் தொடங்கிய தொட்டிகளில் இது அதிகம், உயிர்ப்பல்வகைமை ஆரம்பத்திலேயே குறைவு என்பதால்.

தெகிவளைத்_தொட்டி:
சேர், சோதனை செய்து பார்த்தேன். குலுக்கியபோது கலங்கிய தேத்தண்ணீர் நிறம், வடித்தபின் கிட்டத்தட்டத் தெளிவு. அரை மணி நேரம் தாண்டியதும் குவளையின் அடியில் முடி மாதிரி ஒன்று, அப்புறம் அதிலிருந்து ஒரு நூல் மேலே எழும்பி, நுனியில் குட்டிக் குமிழ். பார்க்கவே ஒரு மாதிரி இருந்தது. தங்கச்சி உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறாள், அவள் மூலமாக ஒரு நுணுக்குக்காட்டி இரவல் கிடைக்கும். எதைத் தேட வேண்டும்?

வெள்ளவத்தை_வாத்தி:
அருமை. 400 மடங்கு போதும். ஒரு துளி வையுங்கள், மூடித்துண்டை அழுத்த வேண்டாம், உடனே பாருங்கள். உருவத்தை விட அசைவுதான் முக்கியம், அதனால் படம் வேண்டாம், போனை வில்லைக்கு மேல் பிடித்து வீடியோ எடுங்கள். கலம் ஒருபக்கம் கூர்ந்த துளி வடிவில், கூர்நுனியில் கயிறு கட்டியது போல நின்ற இடத்திலேயே சுழன்றால் ஒஸ்ட்ரியோப்சிஸ் என்கிற டைனோ வகை. முட்டை வடிவில், தட்டையாக, நுனியில் சின்னக் கொக்கியோடு, மணலை ஒட்டி வழுக்கிக்கொண்டு போனால் அம்பிடினியம் என்கிற இன்னொரு டைனோ வகை. இந்த இரண்டையும் பிரித்தறியாமல், தன்னூடாக ஓடும் தண்ணீரில் உள்ள கலங்களைக் கொல்கிற யூவி (புறஊதா) லைட்டுக்குக் காசு கொட்டாதீர்கள். ஒஸ்ட்ரியோப்சிஸ் இரவில் மணலை விட்டுத் தண்ணீருக்குள் எழும்பும், அப்போது யூவியில் மாட்டும். பெரிய கல அம்பிடினியம் மணலுக்குள்ளேயே பதுங்கும், யூவி மாதக்கணக்கில் எரிந்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. அதற்கு வழி சோடியம் சிலிக்கேற்று ஊற்றி டயட்டத்தை வளர்த்து, மணலில் இடம் பிடிக்கவிடுவது.

பவளப்_பிரியை:
இடையில் ஒரு கேள்வி தம்பி. தண்ணீர் எங்கே எடுக்கிறீர்கள்? உப்புத்தூள் கரைக்கிறீர்களா, கடல் தண்ணீரா? பொஸ்பேட் எந்த ரெஸ்டில் பார்க்கிறீர்கள்?

தெகிவளைத்_தொட்டி:
உப்புத்தூள்தான் அக்கா. குழாய்த் தண்ணீரை ஆர்ஓ வடிகட்டியிலும், மிச்ச உப்புகளை ரெசினால் நீக்கும் டிஐ குடுவையிலும் விட்டுக் கரைக்கிறேன், தண்ணீரில் கரைந்திருப்பதைக் காட்டும் டிடிஎஸ் மீற்றர் 0 காட்டுகிறது. பொஸ்பேட் சாதாரண நிற அட்டை ரெஸ்ட். முன்பு ஒரு நண்பர் கடற்கரையில் அள்ளிய தண்ணீர் தருவார், அதை நிறுத்திவிட்டேன்.

பவளப்_பிரியை:
நிறுத்தியது நல்லது. வெள்ளவத்தையில் கால்வாயும் கடலில் விழுகிறது, நகரத்துக் கழிவுநீர்க் குழாயும் அங்கேதான் கடலுக்குள் போகிறது. தென்மேற்குப் பருவத்தில், மே முதல் செப்டெம்பர் வரை, கொழும்புக் கரையில் அள்ளினால் வாளி அடியில் சேறுதான் மிஞ்சும். கரையில் இருந்து தள்ளி, படகில் போய் எடுப்பவர்கள் இருக்கிறார்கள், அது வேறு கதை.

டிடிஎஸ் 0 என்பதை முழுதாக நம்ப வேண்டாம். அந்தக் கருவி மின்கடத்தலைத்தான் அளக்கிறது. சிலிக்கா தண்ணீரில் அனேகமாக மின்னேற்றம் இல்லாமல் இருக்கும், அதனால் ரெசின் தீரப் போகும்போது முதலில் ஒழுகுவது அதுதான், மீற்றர் அப்போதும் 0 என்றுதான் சொல்லும். புதுத் தொட்டியில் பழுப்புத்தூள் போகவே மாட்டேன் என்றால் முதலில் ரெசினை மாற்றிப் பார்க்கலாம்.

நிற அட்டையில் 0.03க்கும் 0க்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. ஹன்னா நிறுவனத்தின் கையடக்க அளவுக்கருவி யாரிடமாவது இரவல் வாங்குங்கள், ஆனால் எந்த மாடல் என்று பார்த்து வாங்குங்கள். ஒன்று பொஸ்பேட்டை நேரே பிபிஎம்மில் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) காட்டும், மற்றது பொஸ்பரசை பிபிபியில் (நூறு கோடியில் ஒரு பங்கு) காட்டும். பின்னதில் வரும் எண்ணை 3.066ஆல் பெருக்கி 1000ஆல் வகுக்க வேண்டும், 15 என்று காட்டினால் பொஸ்பேட் சுமார் 0.046 பிபிஎம். இதைத் தெரியாமல் 15ஐப் பார்த்துப் பதறி ஜிஎஃப்ஓவை இரட்டிப்பாக்கியவர்களை இங்கேயே பார்த்திருக்கிறேன். அளக்கிற குப்பியைத் துணியால் துடைத்துவிட்டு வையுங்கள், கைரேகை பட்டாலே எண் ஏறும்.

தெகிவளைத்_தொட்டி:
நுணுக்குக்காட்டியில் பார்த்தாயிற்று. துளி வடிவம், ஒரு நுனி கூர், அந்த நுனியில் ஏதோ நூல் பிடித்து வைத்திருப்பது போல அதே இடத்தில் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. ஒரு பார்வைப் புலத்துக்குள் முப்பது நாற்பது. வீடியோவை வாத்தியார் சேருக்கு அனுப்பியிருக்கிறேன். தங்கச்சி இனி என் தொட்டிக்குக் கிட்டவே வரமாட்டாளாம்.

வெள்ளவத்தை_வாத்தி:
வீடியோ பார்த்தேன், ஒஸ்ட்ரியோப்சிஸ்தான், சந்தேகம் இல்லை. நத்தை சாவதற்கும் காரணம் கிடைத்தது. இந்தப் பேரினத்தில் சில இனங்கள் பலிடொக்சின் வகை நஞ்சு உண்டாக்கும். 2005 கோடையில் இத்தாலியின் ஜெனோவாக் கரையில் ஒஸ்ட்ரியோப்சிஸ் ஓவாடா பெருகியபோது, கடற்காற்றைச் சுவாசித்ததிலேயே சுமார் 200 பேர் காய்ச்சலும் இருமலுமாக வைத்தியசாலைக்குப் போனார்கள். உங்கள் தொட்டியால் அப்படி நடக்கப் போவதில்லை, ஆனால் கல்லை வெளியே எடுத்துச் சுடுதண்ணீரில் போட்டுத் தேய்க்கிற யோசனை இருந்தால் கைவிடுங்கள்.

இனி வேலை. ஜிஎஃப்ஓவை இன்றே கழற்றுங்கள். தண்ணீர் மாற்றத்தை நிறுத்திவையுங்கள், உப்பு, காரத்தன்மை, கல்சியம் மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். நைட்ரேட்டை 5 முதல் 10 பிபிஎம் வரையும் பொஸ்பேட்டை 0.05 முதல் 0.1 வரையும் கொண்டுவந்து அங்கேயே வைத்திருக்க வேண்டும். மீன் தீனியைக் கூட்டி ஏற்றலாம், ஆனால் மெதுவாகத்தான் ஏறும், அளந்து ஊற்றுகிற நைட்ரேட், பொஸ்பேட் கரைசல் இருந்தால் நல்லது. ஒன்று சொல்லிவிடுகிறேன், பொஸ்பேட் ஊற்றி மறுநாள் பார்த்தால் திரும்பவும் 0 இருக்கும். உங்கள் கல் காய்ந்த கல், பொஸ்பேட்டை உறிஞ்சிக்கொண்டே போகும், நிறைந்த பிறகுதான் தண்ணீரில் நிற்கும். அதுவரை தினமும் அளந்து தினமும் ஊற்ற வேண்டும்.

யூவி உங்களுக்கு வேலை செய்யும். 11 லீற்றருக்கு 1 வாட் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள், அப்படியென்றால் 25 வாட் அளவில் ஒன்று. தண்ணீரைத் தொட்டியில் இருந்து எடுத்துத் தொட்டிக்கே விடுங்கள், கீழே உள்ள வடிகட்டித் தொட்டியில் (சம்ப்) பூட்டினால் தண்ணீரில் பாதிக்குமேல் யூவியைத் தொடாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். ஓட்டம் மெதுவாக, மணிக்கு 250 முதல் 750 லீற்றருக்குள். பூட்டிய அன்றிரவே மணலை லேசாகக் கிளறி மூன்று நாள் இருட்டில் விட்டால் வேகமாக விழும். உப்புக்கை சொன்ன இருட்டு இங்கேதான் பயன்படும். யூவி இல்லாமல் வெறும் இருட்டு மட்டும் போட்டால் நாலாம் நாள் சிரித்துக்கொண்டு திரும்பி வரும். நஞ்சை இழுக்க, தொட்டி வடிகட்டிக்கென்று விற்கும் கரி போட்டு, அடிக்கடி மாற்றுங்கள்.

உப்புக்கை:
சரி, சுழல்கிற வீடியோவைப் பார்த்தபின் நான் வாதாடவில்லை. ஆனால் பொஸ்பேட் 0.1 என்றால் அந்தப் பின்கல்லில் இருக்கிற பச்சைக் குஞ்சம் என்ன செய்யும் என்று யோசித்தீர்களா? தொட்டியே பச்சையாகும்.

வெள்ளவத்தை_வாத்தி:
ஆகும். ஆகட்டும். பச்சை வந்தால் டைனோவுக்கு எதிராளி வந்துவிட்டது என்று எடுங்கள். முடிப்பாசியைக் கையால் பிடுங்கலாம், டைனோவைப் பிடுங்க முடியாது.

பவளப்_பிரியை:
அந்தக் குஞ்சம் முடிப்பாசியா, பிரையோப்சிஸா என்று பார்த்தீர்களா? ஒரு கொத்தைப் பிடுங்கி வெள்ளைக் கோப்பையில் தண்ணீருக்குள் விட்டுப் பாருங்கள். வெளியே எடுத்தால் எல்லாமே பச்சைச் சகதியாகத்தான் தெரியும். தண்ணீருக்குள் நடுத்தண்டும் இரண்டு பக்கமும் சிறகு போலக் கிளைகளும் விரிந்தால் பிரையோப்சிஸ், தண்டே இல்லாமல் வெறும் முடியாக மிதந்தால் டெர்பீசியா மாதிரி ஏதோ முடிப்பாசி. முடிப்பாசியைப் பிடுங்கிவிட்டு நத்தையிடமும் பொஸ்பேட் கட்டுப்பாட்டிடமும் விட்டுவிடலாம். பிரையோப்சிஸ் இரண்டையும் மதிக்காது, பிடுங்கினாலும் அடித்துண்டில் இருந்து முளைக்கும், நத்தைகள் எட்டியும் பார்க்காது.

தெகிவளைத்_தொட்டி:
சிறகுதான் அக்கா. அச்சாகச் சிறகு.

கொட்டாஞ்சேனைக்_குளம்:
பிரையோப்சிஸ் என்றால் புளுகோனசோல். மனிதர்களுக்குப் பூஞ்சைத் தொற்றுக்குக் கொடுக்கும் மருந்து, இங்கே 150 மில்லிகிராம் அளவில் கிடைக்கும். பாமசியில் டொக்டர் எழுதிய துண்டு கேட்பார்கள், மீன்தொட்டிக்கு என்று சொன்னால் ஒரு பார்வை பார்ப்பார்கள். லீற்றருக்கு 5 மில்லிகிராம் கணக்கு, கல்லும் மணலும் பிடித்த இடத்தைக் கழித்து உண்மையான தண்ணீர் அளவுக்குப் போடுங்கள். உங்கள் தொட்டியில் 200 லீற்றர் தண்ணீர் என்றால் 1000 மில்லிகிராம். தூள் லேசில் கரையாது, தொட்டித் தண்ணீரில் குலுக்கிக் குலுக்கி ஊற்ற வேண்டும். இரண்டு வாரமாவது இருக்கட்டும், முதல் வாரத்தில் ஒன்றும் நடக்காதது போலத் தெரியும், அப்புறம் நுனி வெளிறி, தொட்டால் கையோடு வரும். பவளத்துக்கு ஒன்றும் ஆவதை நான் பார்க்கவில்லை.

பவளப்_பிரியை:
ஆனால் இப்போது வேண்டாம். புளுகோனசோல் போட்டால் கரியை எடுக்க வேண்டும், எடுக்காவிட்டால் மருந்தைக் கரி உறிஞ்சிவிடும். டைனோ நஞ்சுக்குக் கரி கட்டாயம். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய முடியாது. முதலில் டைனோ, அது அடங்கிய பிறகு பிரையோப்சிஸ். அதுவரை பச்சையைச் சகித்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சிவப்புப் படலம் சயனோபற்றீரியா. விளிம்பில் குழாய் வைத்து உறிஞ்சினால் பாயாக உரிந்து வரும், அதுவே அடையாளம். மூலையில் ஓட்டம் குறைவு, தண்ணீரைத் தள்ளும் ஒரு சின்ன பவர்ஹெட் பம்பை அந்தப் பக்கம் திருப்பிவிடுங்கள். எரித்ரோமைசின் கலந்த மருந்து போடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது பற்றீரியாவைத்தான் கொல்லும், காலியாகிற இடத்தில் டைனோ உட்காரும். இன்னொன்று, சயனோ மொத்தமாகச் செத்து அழுகினால் ஒட்சிசன் விழும். கொழும்பில் குளிரூட்டி இல்லாத தொட்டி 30 பாகையில் நிற்கும், அந்தச் சூட்டில் கடல்நீரில் கரையக்கூடிய ஒட்சிசனே லீற்றருக்கு 6 மில்லிகிராம் சொச்சம்தான். இரவில் ஒரு கரண்ட் கட் வந்தால் விடியும்போது மீன் மிதக்கும்.

உப்புக்கை:
கரண்ட் கட் கதையை ஏன் எடுத்தீர்கள். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வெட்டினார்களே, பற்றரி ஏர் பம்ப் வைத்திருந்தவன்தான் தப்பினான்.

தம்பி, பாசி தின்ன ஒரு மீன் போடுங்கள், நீலப் பவுடர் டாங் நம் கடல் மீன்தான்.

கொட்டாஞ்சேனைக்_குளம்:
250 லீற்றரில் பவுடர் ப்ளூவா? நம் கடல் மீன் என்பதற்காக நம் தொட்டிக்குப் பொருந்தாது. அது நீந்த இடம் கேட்கும், இடம் போதாவிட்டால் வெள்ளைப்புள்ளி நோய் சுலபமாகத் தொற்றும். டைனோவை அது தின்னவும் தின்னாது. முடிப்பாசிக்கு என்றால் ஒரு லோன்மோவர் பிளெனி போதும். கடல்முயல் என்கிற நத்தை இனம் இன்னும் வேகமாகத் தின்னும், ஆனால் பாசி தீர்ந்ததும் பட்டினியில் சாகும், மிரண்டால் ஊதா மையைக் கக்கும். அதை வாங்குவதை விட வேலை முடிந்ததும் திருப்பித் தருகிறேன் என்று யாரிடமாவது இரவல் கேட்பது மேல்.

தெகிவளைத்_தொட்டி:
நிலவரம் சொல்கிறேன். யூவி பூட்டி, இருட்டும் போட்டு முடிந்தது. மணலில் நூல் இல்லை. பொஸ்பேட் ஆரம்பத்தில் ஊற்ற ஊற்றக் காணாமல் போனது, இப்போது 0.07இல் நிற்கிறது, நைட்ரேட் 8. மணல் மேல் மெல்லிய பச்சைத் தூள் படிந்திருக்கிறது, கண்ணாடியிலும் பச்சை, இரண்டு நாளுக்கு ஒருமுறை காந்தத்தால் துடைக்கிறேன். யூஃபிலியா முன்பை விட நன்றாக விரிகிறது. பிரையோப்சிஸ் மட்டும் குதூகலமாக வளர்கிறது. நுணுக்குக்காட்டியில் பார்த்தால் ஒரு புலத்துக்கு ஒன்றிரண்டு துளிகள் இன்னும் சுற்றுகின்றன. யூவியை எப்போது அணைக்கலாம்? புளுகோனசோல் தொடங்கலாமா? புது நத்தை போடலாமா?

வெள்ளவத்தை_வாத்தி:
பச்சைத் தூள் வந்துவிட்டதா, சரி. ஒன்றிரண்டு சுற்றுவதற்குக் கவலைப்படாதீர்கள், டைனோ எந்தத் தொட்டியிலும் முழுதாக ஒழியாது, கடலிலும் இருக்கிறது. யூவியை இன்னும் ஒரு மாதமாவது ஓட விடுங்கள். பிறகு அணைத்து, மணலில் ஒரு துளி எடுத்துப் பார்த்துக்கொண்டே இருங்கள், எண்ணிக்கை ஏறினால் திரும்பப் போடுங்கள். நத்தை ஒன்றே ஒன்று விட்டுப் பாருங்கள், அது கண்ணாடியில் ஏறி மேய்ந்தால் மிச்சத்தை வாங்கலாம். புளுகோனசோலை அந்த நத்தை பிழைத்த பிறகு தொடங்குங்கள், கரியை எடுக்க மறக்க வேண்டாம். யூவியையும் அந்த இரண்டு வாரம் அணைத்துவிடுங்கள், அது எரிந்து மருந்தைச் சிதைக்குமோ என்கிற சந்தேகத்துக்கு இடம் வைக்க வேண்டாம். ஜிஎஃப்ஓ ரியாக்டரை விற்றுவிடுங்கள் என்று சொல்லமாட்டேன், அலுமாரியில் இருக்கட்டும்.

கொட்டாஞ்சேனைக்_குளம்:
தம்பி, என்னுடையது பழைய தொட்டி, மணலில் கொபிபொட் என்கிற குட்டி ஓட்டுயிரிகளும் புழுவும் நிறைய. ஒரு கோப்பை மணலும் இரண்டு சின்னக் கல்லும் தரலாம், உங்கள் காய்ந்த கல்லுக்கு அதுதான் இப்போது தேவை. புளுகோனசோல் முடிந்தபின் எடுக்க வாருங்கள். கல்லில் ஐப்டேசியா என்கிற களை அனிமோன் இருக்கிறதா என்று நீங்களே டோர்ச் அடித்துப் பார்த்து எடுங்கள், பிறகு என்னைத் திட்டக் கூடாது. மூடியுள்ள வாளி ஒன்று கொண்டுவாருங்கள், என்னிடம் இருந்ததை எல்லாம் ஆட்கள் கொண்டுபோய்விட்டார்கள்.